சோற்றுத் தட்டின் அருகிலிருந்து செல்போனை எடுப்பது எப்படி?

இரண்டரை வயதுக் குழந்தை ஆங்கில எழுத்துகள் இருபத்தாறையும் வரிசை தவறாமல் சொல்கிறான். நிறங்களின் பெயர்கள், வட்டம், சதுரம், பத்து வரை எண்கள் எல்லாம் ஆங்கிலத்தில் சரளமாக வருகின்றன. ஆனால் தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்க் குடத்தின் முன்னால் நிறுத்துகிறான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. திண்டுக்கல்லில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கும் என்னிடம் இப்படிப்பட்ட குழந்தைகள் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.

பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, "சாப்பாடு எப்படி ஊட்டுகிறீர்கள்?" என்பதுதான். செல்போன் இல்லாமல் வாயைத் திறக்கவே மாட்டான் என்ற பதில் பெரும்பாலும் வந்துவிடும். அப்படிச் சொல்பவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. நூற்பாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, சமைத்து, குழந்தைக்கு ஊட்டி, துணி துவைக்க வேண்டிய பெண்ணுக்குக் கூடமாட உதவ ஆள் இல்லாதபோது செல்போன் உதவிக்கு வந்தது. அதை எடுக்கச் சொல்கிறேன் என்றால் அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ஒரு வயது வரை திரையே கூடாது. ஒரு வயது முடிந்த குழந்தைக்கும் அது வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் உறவினர்களுடன் எப்போதாவது பேசும் வீடியோ கால் மட்டும் விலக்கு. ஐந்து வயது வரை ஒரு மணி நேரம், அதுவும் பெரியவர் உடன் இருக்க.

"ரைம்ஸ்தானே பார்க்கிறான், பேச்சுதானே கேட்கிறான், அதில் கற்றுக்கொள்ள மாட்டானா?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு 2003இல் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவில் செய்த சோதனை ஒன்று தெளிவான பதில் தருகிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டிப் பேசினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆட்கள் பேசுவதை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். வீடியோ பார்த்தவர்களிடம் அந்தத் திறன் வரவில்லை. குரல் ஒன்றுதான், சொற்களும் ஒரே மாதிரியானவைதான். ஆனால் வீடியோவில் இருப்பவர் குழந்தையின் கண் போன திசையைப் பார்ப்பதில்லை, அது "ஆ" என்றால் பதிலுக்கு "ஆமாம், மாடுதான்" என்பதில்லை.

எனவே நான் அஞ்சுவது திரையில் ஓடும் படத்தைவிட, அது ஓடும்போது வீட்டில் நடக்காமல் போகும் பேச்சைத்தான். யாரும் பார்க்காமல் ஓடும் டிவிகூட அந்தப் பேச்சைத் தின்றுவிடும். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. கனடாவின் கால்கரி நகரில் 2,441 தாய்மார்களையும் குழந்தைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு வயதில் அதிகம் திரை பார்த்தவர்கள் மூன்று வயதிலும், மூன்று வயதில் அதிகம் பார்த்தவர்கள் ஐந்து வயதிலும் வளர்ச்சிச் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள்.

இனி செய்ய வேண்டியவை.

எதையும் மாற்றுவதற்கு முன் சில நாட்கள் கவனியுங்கள். செல்போன் குழந்தையின் கைக்கு எந்தெந்த நேரத்தில் போகிறது, யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்து வையுங்கள். எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரம் இருக்கும். அடுத்தது பெரும்பாலும் அம்மா சமைக்கும் நேரம். பிறகு பஸ் பயணம், தூங்கப் போகும் முன், விருந்தாளி வந்தால். இவை அனைத்தையும் ஒரே நாளில் நிறுத்த முயலும் வீடுகளில் நான்காம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. ஒன்றை எடுங்கள். நான் எப்போதும் சாப்பாட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு நாளில் மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் குழந்தையின் முகத்துக்கு எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்தே ஆக வேண்டிய நேரம் அது. பேச்சு வளர அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

செல்போன் பார்த்தபடி சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. வாய்க்குள் போவதை மெல்லாமல் விழுங்கிவிடும், அல்லது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும். அதனால்தான் மூன்று வயதிலும் பருப்புச் சோற்றைக் கூழாகக் குழைத்து ஊட்ட வேண்டியிருக்கிறது. மாற்றம் பசியிலிருந்து தொடங்க வேண்டும். சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பால், பிஸ்கட், முறுக்கு எதுவும் வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். தரையில் பாய் விரித்து வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். குழந்தைக்குத் தனித் தட்டு. அதில் கொஞ்சம் சோறு, கையில் பிடிக்கத் தோதான இட்லித் துண்டு, வேகவைத்த கேரட். அது பிசையட்டும், சிந்தட்டும். இரண்டு வாய் அது எடுத்தால் ஒரு வாய் நீங்கள் ஊட்டலாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், சாப்பிட்டது குறைவாக இருந்தாலும் சரி. பின்னாலேயே கிண்ணத்தோடு ஓட வேண்டாம். அடுத்த வேளைக்குப் பசியோடு வரும்.

முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடும். இந்த இடத்தில்தான் வீட்டுப் பெரியவர்களின் மனம் பதறும். "பிள்ளை வாடிப் போயிற்றே" என்று மாமியார் போனைக் கொடுத்துவிடுவார். அவர் குழந்தையின்மேல் வைத்திருக்கும் பாசத்தால் செய்வது அது. ஆகவே தொடங்குவதற்கு முன்பே அவரிடம் பேசுங்கள். "அத்தை, இந்த வாரம் ராத்திரிச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, கதை சொல்லி ஊட்டுங்கள்" என்று ஒரு வேளையை அவரிடமே ஒப்படையுங்கள். கதையும் நிலாவும் காக்கையும் அவர்களுக்குக் கைவந்தவை. என் அனுபவத்தில் தாத்தா பாட்டி நம் பக்கம் வந்துவிட்ட வீட்டில் வேலை பாதி முடிந்தது. எடை குறைவான குழந்தை, வலிப்பு அல்லது வேறு நோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அழுகை வரும். தரையில் புரளும், தலையை முட்டும், தட்டைத் தள்ளிவிடும். அடிக்க வேண்டாம், சமாதானப்படுத்தப் போனை நீட்டவும் வேண்டாம். ஐந்து நாள் மறுத்துவிட்டு ஆறாம் நாள் கொடுத்தால், இவ்வளவு நேரம் அழுதால் கிடைக்கும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். தலையில் அடிபடாதபடி பக்கத்தில் உட்காருங்கள், குறைவாகப் பேசுங்கள். "கோபமாக இருக்கிறாய். போன் இல்லை. அம்மா இருக்கிறேன்." அவ்வளவு போதும். அழுது ஓய்ந்ததும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றி 2022இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு ஒன்றில், அழுகையை அடக்க அடிக்கடி செல்போன் கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், குறிப்பாக ஆண் குழந்தைகளிடம், சில மாதங்கள் கழித்துச் சட்டென்று பொங்கும் குணம் கூடியிருந்தது. தன் கோபத்தைத் தானே ஆற்றிக்கொள்வதும் நடக்கப் பழகுவதைப் போல விழுந்து விழுந்துதான் வரும்.

பெரியவர்களின் போன் தனிக் கதை. அப்பா சோபாவில் சாய்ந்து வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும் வீட்டில் குழந்தைக்கு மட்டும் சட்டம் போட முடியாது. சாப்பிடும் நேரத்திலும் அதன்பின் குழந்தை தூங்கும் வரையிலும் எல்லோருடைய போனும் அலமாரி மேல்தட்டில் இருக்கட்டும். அழைப்பு வந்தால் எழுந்து போய்ப் பேசிவிட்டு வைத்துவிடலாம். யாரும் பார்க்காத டிவியை அணையுங்கள்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். போனை எடுத்துவிட்டு வீடு அமைதியாக இருந்தால் பயன் இல்லை. பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்பதைத்தான் என்னிடம் வரும் அம்மாக்களுக்கு நான் அதிகம் சொல்லித் தருகிறேன்.

"இது என்ன? அது என்ன நிறம்? சொல்லு, சொல்லு" என்று கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள். கரண்டியைத் தட்டினால், "டங்! கரண்டி. டங் டங்!" வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி, மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். இந்தக் காத்திருப்பு பெரியவர்களுக்கு மிகக் கடினம்; ஆனால் பேச்சு தாமதமான குழந்தைக்குப் பதிலைத் திரட்ட அந்த நேரம் தேவைப்படுகிறது. ஒலியோ, பார்வையோ, கை நீட்டலோ எது வந்தாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை "பால்" என்றால் நீங்கள் "சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் எடுத்து நீட்டிவிடாதீர்கள். பிடித்த முறுக்கைத் திறக்க முடியாத டப்பாவில் போட்டுக் கையில் கொடுங்கள். உங்களைத் தேடி வர அதற்கு ஒரு காரணம் கிடைக்கும். வாழைப்பழமா, கொய்யாவா என்று இரண்டையும் காட்டி நிறுத்துங்கள்.

உள்ளங்கையில் பருப்பு கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் பங்கு வைத்து, கடைசியில் நண்டு ஊர்ந்து அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். அதைப் பேச்சுப் பயிற்சிக்கு நானே பயன்படுத்துகிறேன். நான்கைந்து முறை விளையாடிவிட்டு, நண்டு ஊரும் இடத்துக்கு முன்னால் கையை நிறுத்திக் காத்திருந்தால், குழந்தை உங்கள் கண்ணைப் பார்க்கும். அந்தப் பார்வைதான் எனக்கு வேண்டியது. சொல் அதன் பின்னால் வரும்.

சமைக்கும் நேரத்துக்கு ஒரு பழைய கூடை ஒதுக்குங்கள். அதில் எவர்சில்வர் டம்ளர்கள், மூடிகள், உரிக்காத வெங்காயம், மர மத்து. அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண் படும் இடத்தில் வையுங்கள். சிறு மணிகள், பட்டன் பேட்டரி, புளியங்கொட்டை போன்று மூக்கிலும் வாயிலும் போகக்கூடியவை வேண்டாம். உழவர் சந்தைக்குப் போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்க் கத்தரிக்காயைத் தொடவிட்டுப் பெயர் சொல்லுங்கள்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ அப்பா இருக்கும் வீடுகள் இங்கே நிறைய. வீடியோ காலைப் பறிக்க வேண்டாம். அப்பா பதில் சொல்கிறார், சிரிக்கிறார். அது கார்ட்டூன் பார்ப்பதைப் போன்றதல்ல. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா தொப்பி போட்டிருக்கிறார், பார்" என்று சேர்ந்து பேசுங்கள்.

இரண்டு வயது கடந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் காட்டுவதென்றால், கைக்குள் வைத்துப் பார்க்கும் போனைவிட, தள்ளியிருந்து எல்லோரும் சேர்ந்து பார்க்கும் டிவி நல்லது. மெதுவாகக் கதை போகும் நிகழ்ச்சியாகப் பாருங்கள். நொடிக்கு நொடி காட்சி மாறும் குட்டி வீடியோக்கள் வேண்டவே வேண்டாம். யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாத் திரைகளும் அணைந்திருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் தேவை, பகல் தூக்கத்தையும் சேர்த்து.

கடைசியாக, மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது. செல்போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டது என்று யாரேனும் உங்களைக் குற்றம் சாட்டினால் நம்பாதீர்கள். ஆட்டிசம் பிறவியிலேயே உருவாகும் வளர்ச்சி வேறுபாடு. அதே சமயம், "எல்லாம் போனால்தான், நிறுத்தினால் சரியாகும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். ஒரு வயதில் பெயர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டாதது, அந்த வயதில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் "அம்மா வா" போல இரண்டு சொற்கள் சேராதது, வந்த பேச்சு நின்றுபோவது – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். பேச்சு வராததற்குக் காது கேளாமையே காரணமாக இருப்பதுண்டு. அங்கன்வாடிக்கு வரும் அரசுப் பரிசோதனைக் குழுவிடம் சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.

அங்கே போகும்போது குழந்தை சொல்லும் சொற்கள் எல்லாவற்றையும், மழலையாக இருந்தாலும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பகலில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ யாராக இருந்தாலும் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பயிற்சியாளர் செய்துகாட்டுவதை வீட்டில் நாள் முழுவதும் செய்யப்போகிறவர் அவர்தான்.