முதல்முறை மூட் கோர்ட்: நீதியரசர் இடைமறித்தால் என்ன செய்வது?

திருகோணமலையில் சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளில் பலர் பள்ளிக்கூட விவாதப் போட்டிகளில் பரிசு வாங்கியவர்கள். மூட் கோர்ட்டில், அதாவது சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கொன்றை நீதியரசர் முன் வாதாடும் பயிற்சி நீதிமன்றத்தில், முதல் கேள்வியிலேயே திணறுவதும் அவர்கள்தான். பட்டிமன்றத்தில் மணி அடிக்கும்வரை மேடை உங்களுடையது. இங்கே அப்படி இல்லை.

முதலில் வழக்கு. பயிற்சிக்கு ஊர் விஷயமே போதும். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு ஓர் அதிகாரி காரணம் சொல்லாமல் தடை போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 12(1) சமத்துவம், 14 ஆம் உறுப்புரையின் தொழில் சுதந்திரம். 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. இரண்டு வாதத்துக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் தீர்ப்பு. 2000 ஆம் ஆண்டின் எப்பாவல பொஸ்பேற்று வழக்கை, அதாவது பொஸ்பேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் தொடுத்த வழக்கை, முழுதாக வாசியுங்கள். அங்கும் இதே உரிமைகள்தான் பேசப்பட்டன. சுருக்கக் குறிப்பை நம்பி வாதாடப் போகாதீர்கள். என் விருப்பம் அச்சிட்ட தாளும் பென்சிலும்தான். மடிக்கணினியில் பக்கம் தேடுவதற்குள் நேரம் போய்விடும்.

இனி, பலர் சறுக்கும் இடம். "உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் அல்லவா மனுவைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்?" என்று நீதியரசர் கேட்கிறார். "அந்தக் கேள்விக்குப் பிறகு பதில் சொல்கிறேன்" என்று சொல்லவே கூடாது. வாயை மூடுங்கள், கேள்வி முடியட்டும். முதல் சொல் ஆம் அல்லது இல்லை. "ஆம், கனம் நீதியரசர் அவர்களே, ஒரு மாதம் கடந்துவிட்டது. ஆனால் மனுதாரர் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தார். 1996 இன் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13(1) பிரிவுப்படி, விசாரணை நிலுவையில் இருந்த காலம் கணக்கில் வராது." அவ்வளவுதான். பிறகு, "இனி என் முதல் வாதத்துக்குத் திரும்புகிறேன்" என்று விட்ட இடத்தைப் பிடியுங்கள். அந்தத் திரும்பும் வசனத்தை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

மாலையில் டச்பே கடற்கரையில் நண்பர்களோடு வாதாடிப் பழகுங்கள். ஒருவர் நீதியரசராக இருந்து, நினைத்த நேரத்தில் குறுக்கிடட்டும். காற்றுக்கு மேலே கேட்கும்படி பேசினால் குரலும் தெளியும்.

பிற்சேர்க்கை: எதிர்மனுதாரர் (இங்கே, தடை போட்ட அதிகாரி) பக்கம் நின்றால் என்ன சொல்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதே 13(1) தான் உங்களுக்கும் ஆயுதம். முறைப்பாடு கொடுத்தது மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சில தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டும் ஆணைக்குழுவின் கடிதம் எங்கே என்று கேளுங்கள். மனுதாரர் பக்கம் நிற்பவர்கள் அந்தக் கடிதத்தை மனுவோடு இணைத்தே வையுங்கள்.