கல்லை வெட்டும் முன்: பில்ட்-இன் சாமான்கள் உங்கள் சமையலறைக்குச் சரிவருமா?

எங்கள் வீட்டு அடுப்பு மேடையில் ஹாப்பைச் (கல்லில் ஓட்டை வெட்டிப் பதிக்கும் அடுப்பை) சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஸ்டீல் பட்டை ஓடும். அழகுக்காக வைத்ததில்லை. சேலம் அழகாபுரத்தில் வீடு கட்டியபோது, ஹாப்புக்குப் பணம் கட்டிய கடையில் ஓட்டையின் அளவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கல் போடும் அண்ணன் மறுநாளே வந்துவிட்டார். "அளவுதான் வந்திருச்சுங்களே, வெட்டிடலாங்க" என்றார். நானும் சரி என்றேன். பத்து நாள் கழித்து வந்திறங்கியது வேறு மாடல். கல்லில் வெட்டிய ஓட்டை அதைவிட முக்கால் அங்குலம் பெரிது. ஹாப்பின் விளிம்பு கல்லில் உட்காரவே இல்லை. சரிசெய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அம்மா தரையில் ஒற்றை அடுப்பை வைத்துச் சமைத்தார். எழும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால், வீடு கட்டுகிறவர்கள் யார் கேட்டாலும் இதை வரிசையாகச் சொல்லிவிடுவேன். இந்த வரிசையில் போனால், எதைக் கல்லுக்குள்ளும் கப்போர்டுக்குள்ளும் பதிக்கலாம், எதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

படி 1: வீடு யாருடையது?

வாடகை வீடு என்றால் பில்ட்-இன் வேண்டாம். ஹாப் மாதிரி தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தால், மேடைமேல் அப்படியே வைக்கக்கூடிய ஹாப்டாப் அடுப்பு கிடைக்கிறது. வீடு மாறும்போது கையோடு எடுத்துப் போகலாம். சொந்த வீடு என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

படி 2: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

காலண்டர் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரம் என்ன சமைத்தீர்கள், எதில் சமைத்தீர்கள் என்று குறித்து வாருங்கள். ஓவன் வாங்கும் ஆசை பெரும்பாலும் இந்தத் தாளிலேயே தெளிந்துவிடும். மாதத்துக்கு ஒரு கேக் என்றால் மேடைமேல் வைக்கும் சின்ன ஓவனே போதும். பதித்த ஓவனுக்குள் அப்பளமும் எண்ணெய்ச் சட்டியும் அடுக்கியிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது வாரம் இரண்டு முறை பேக்கிங் செய்கிறார்கள் என்றால் கதை வேறு. கண் மட்டத்தில் பதித்த ஓவன் அவர்களுக்கு உண்மையிலேயே வசதி. சூடான தட்டைக் குனியாமல் எடுக்கலாம்.

கிரைண்டரை மறந்துவிடாதீர்கள். அதை எங்கே வைப்பது, எங்கே கழுவுவது என்று முடிவு செய்த பிறகு மிச்சமிருக்கும் இடம்தான் மற்ற சாமான்களுக்கு.

படி 3: டேப்பை எடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். பில்ட்-இன் ஓவனின் முகப்பு பொதுவாக 59.5 செ.மீ. அகலம். அது உட்கார வெளி அகலம் 60 செ.மீ. (உள்ளே சுமார் 56 செ.மீ.), 60 செ.மீ. உயரம், குறைந்தது 56 செ.மீ. ஆழம் உள்ள பெட்டி வேண்டும். நம் பக்கம் 24 அங்குல ஆழத்தில் மேடை போடுவார்கள். அதாவது 61 செ.மீ. அதில் பின்சுவர் டைல்ஸும், முன்னால் கல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும், ஷட்டர் (கப்போர்டு கதவு) கனமும் போக எவ்வளவு மிஞ்சும் என்று அளந்து பாருங்கள். பிளக்கை ஓவனுக்கு நேர் பின்னால் வைத்துவிட்டால் இன்னும் இரண்டு அங்குலம் போய்விடும்.

டிஷ்வாஷர் விஷயத்தில் உயரம்தான் சிக்கல். மேடை 34 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 86 செ.மீ. சொச்சம். கிரானைட் 18 மில்லிமீட்டர். அதற்குக் கீழே சிமென்ட் கலவை, அதற்கும் கீழே கடப்பா கல். எல்லாவற்றையும் கழித்தால் உள்ளே 80 செ.மீ. இருந்தாலே அதிகம். பில்ட்-இன் டிஷ்வாஷருக்கோ ஏறக்குறைய 82 செ.மீ. வேண்டும். இரண்டே செ.மீ. குறைந்ததால் மெஷின் வராந்தாவுக்குப் போன வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது. வழி எளிது: அந்த 60 செ.மீ. அகலத்துக்கு மட்டும் கடப்பா போடாமல், இருபக்கச் சுவரும் கிரானைட்டைத் தாங்கும்படி விடச் சொல்லுங்கள். வேண்டுமானால் அடியில் மெல்லிய ஸ்டீல் சட்டம் கொடுக்கலாம். மேடை போடும் நாளிலேயே கொத்தனாரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஹாப் வாங்கப் போகும்போது வீட்டில் இருக்கும் மிகப் பெரிய தோசைக்கல்லையும் குக்கரையும் அளந்துகொண்டு போங்கள். நான் குக்கரையே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவேன். நாலு பர்னர் ஹாப்பில் முன்னால் தோசைக்கல், பின்னால் குக்கர் வைத்தால் இரண்டும் முட்டிக்கொள்கிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள். முட்டினால் அது நாலு பர்னர் அடுப்பில்லை, இரண்டு பர்னர் அடுப்பு.

படி 4: கரண்ட்

சாதாரண 16 ஆம்ப் பிளக் சுமார் 3,600 வாட் வரை தாங்கும். ஓவன் மட்டுமே 3,000 வாட் பக்கம் இழுக்கலாம். ஆகவே ஓவனுக்கு ஒன்று, டிஷ்வாஷருக்கு ஒன்று என்று மெயின் கரண்ட் பெட்டியிலிருந்து தனித்தனி லைன் இழுக்க வேண்டும். நாலு வட்டமுள்ள பில்ட்-இன் இண்டக்ஷன் ஹாப் 7,000 வாட் வரை போகும். அதற்கு 32 ஆம்ப் லைன் வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் இதை யோசிப்பவர்கள், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகு கடைக்குப் போவது நல்லது. சுவிட்சையும் பிளக்கையும் பக்கத்துக் கப்போர்டுக்குள் வையுங்கள். மெஷினை வெளியே இழுக்காமல் கரண்டை நிறுத்த முடிய வேண்டும்.

படி 5: கேஸ்

மேடைமேல் இருக்கும் அடுப்பில் டியூப் எப்போதும் கண்ணில் படும். ஹாப்பில் எல்லாம் கீழே மறைந்துவிடும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் ஹாப்புக்குக் கீழே மூடிய கப்போர்டில் இருந்தால் ஆபத்து அங்கேதான். முடிந்தால் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே கூண்டில் வைத்து, செம்புப் பைப்பில் உள்ளே கொண்டுவாருங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஷட்டரின் அடிப்பாகத்தில், தரையை ஒட்டி, காற்றுப் போகிற மாதிரி ஜன்னல் விடச் சொல்லுங்கள். மேலே மட்டும் விட்டால் பிரயோஜனம் இல்லை. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பில் தேதி போட்டிருக்கும். ஐந்து வருடத்தில் மாற்றிவிடுங்கள். தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வசதியுள்ள ஹாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். பருப்பு பொங்கி பர்னரை அணைக்காத வீடு ஏது?

படி 6: சூடும் தண்ணீரும்

பில்ட்-இன் ஃப்ரிட்ஜைச் சேலத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குக் கீழே காற்று நுழையவும் பின்புறமாக ஏறி மேலே வெளியேறவும் ஏறக்குறைய 200 சதுர செ.மீ. வழி விட வேண்டும். ஆசாரி அதைக் கொஞ்சம் அடைத்துவிட்டாலும், நம் ஏப்ரல், மே வெயிலில் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். சாதாரண ஃப்ரிட்ஜை சுற்றிலும் இடம் விட்டு நிறுத்திவைத்தால் போதும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

டிஷ்வாஷர் வாங்குகிறவர்கள் எந்தத் தண்ணீரை அதற்குக் கொடுப்பது என்று பாருங்கள். மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் தொட்டிக்கு வந்தால் நல்லது. போர் தண்ணீர் என்றால் உப்புக் கறை படியும். மெஷினுக்குள் இருக்கும் மென்னீராக்கிக்கு அதற்கான உப்பைத் தவறாமல் போட வேண்டும். உங்கள் பக்கெட்டில் வெள்ளைப் படிவு வருகிறதா என்று பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

படி 7: ரிப்பேருக்கு யார் வருவார்?

கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். சர்வீஸ் ஆள் சேலத்திலேயே இருக்கிறாரா, கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா? பத்து வருடம் கழித்து இது போனால், இதே பெட்டியில் வேறு கம்பெனி மெஷின் உட்காருமா? 60 செ.மீ. அகலம் என்றால் பெரும்பாலும் உட்காரும். விசித்திர அளவில் ஒன்றைப் பதித்தால், மெஷின் போகும்போது மரவேலையும் சேர்ந்து போகும்.

ஏற்காட்டில் என் அண்ணி வீட்டுக்கு இதே கணக்கைப் போட்டபோது விடை வேறாக வந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்காலத்துப் பனிமூட்டம் ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள்ளேயே வந்துவிடும். முன்பு அங்கே செய்திருந்த எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) கப்போர்டு இரண்டே மழையில் ஓரம் உப்பி, ஷட்டர் மூடவில்லை. இப்போது ஐ.எஸ். 710 முத்திரையுள்ள தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் போட்டிருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி சர்வீஸ் ஆள் வர வேண்டும். அதனால் அங்கே ஹாப்பும் சிம்னியும் மட்டும் பதித்தோம். ஓவன் மேடைமேல் இருக்கிறது. பழுதானால் காரில் வைத்துக் கீழே கொண்டுவந்துவிடலாம்.

படி 8: கல் வெட்டும் நாள்

மெஷின் வீட்டுக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, மாடல் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்ட பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும். பெட்டியிலோ கையேட்டிலோ ஓட்டையின் அளவு இருக்கும். அந்த அளவுக்கு அட்டையை வெட்டி மேடைமேல் போடுங்கள். முன் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலக் கல் மிஞ்சுகிறதா, கீழே இழுப்பறை ஏதாவது இடிக்கிறதா என்று பாருங்கள். சாக்பீஸில் கோடு போட்டு, ஒரு முறை தோசை ஊற்றுவதுபோல நின்று பாருங்கள். உள் மூலைகளைக் கூராக வெட்டாமல் லேசாக வளைத்து வெட்டச் சொல்லுங்கள், கூரான மூலையிலிருந்துதான் கல் கீறும். "ஹாப் இதோ இருக்குங்கண்ணா, ஒருமுறை மேல வச்சுப் பாத்துட்டு வெட்டிக்கலாங்க" என்று சொல்லி, பிளேடு நிற்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.