சித்திரை வெயிலில் மாம்பழ கிரம்பிள்

மாம்பழ கிரம்பிளுக்கு (பழத்தின் மேல் உதிரி மாவு தூவி பேக் செய்யும் இனிப்பு) வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்ப்பவர்கள், அளந்த எண்ணெயைக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். உறைந்த நெய் பதம் வந்ததும் எடுத்து, மைதா, நாட்டுச்சர்க்கரையோடு விரல் நுனியால் உதிர்த்து, பழத்துண்டுகள் மேல் தூவி 180 டிகிரியில் பேக் செய்யலாம்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரையில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் அடுப்படியில் அது உறையவே உறையாது. தண்ணீராக ஊற்றினால் மாவு உறிஞ்சிக்கொண்டு அடை மாதிரி கனத்துவிடும். உறைந்த துணுக்குகள் ஓவனுக்குள் போய்த்தான் உருகும், அதனால் மேல்பகுதி பொலபொலவென்று வரும். கல்லாக இறுகவிட்டால் கை வலிதான் மிச்சம்.

மார்கழிக் காலையில் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்திருந்தால் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. பூவன்பழ கேக்குக்கும் இது வேண்டாம். அதற்கு உருகிய எண்ணெய்தான் சரி.