வெளிநாட்டில் வேதியியல்: செலவு குறைந்த பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

சேலத்தில் இளநிலை வேதியியல் முடித்து வெளிநாட்டில் முதுநிலை படிக்க விரும்புவோர், தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக்கொள்வது நல்லது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆயினும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குவதால், நாட்டின் பெயரை மட்டும் நம்பி விண்ணப்பிக்கக் கூடாது. விசாவுக்காக வங்கிக் கணக்கில் முன்கூட்டியே முடக்கிக் காட்ட வேண்டிய ஓராண்டுத் தொகை, 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோ. ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துக்கும் இது மலைப்பான தொகைதான். ஆனால் இது கட்டணமன்று, மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே வந்துவிடும். நமது மூன்றாண்டுப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை ஏற்கிறதா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அதற்காக, செய்முறை வகுப்புகளின் மணிநேரம் குறிப்பிடப்பட்ட பாடத்திட்ட நகலைக் கல்லூரி முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.