மெட்டு ஏறும் காரின் இன்சூரன்ஸில் ஓட்டை எங்கே? நீங்களே கண்டுபிடித்து அடைக்கும் முறை

வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் கேரளப் பக்கம் வண்டன்மேட்டில். வாரத்தில் பாதி நாள் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கும் கார். நம் பக்கம் இப்படிப்பட்ட வண்டிகள் ஏராளம். செகண்ட் ஹேண்டில் கேரளாவில் வாங்கியிருப்பார்கள், ஆர்சி அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன், பின்சீட்டை மடக்கினால் ஏலக்காய் மூட்டையும் ஏறும். பாலிசிக்கு இதெல்லாம் தெரியாது. அதில் எழுதியிருக்கும் வண்டியும் ரோட்டில் ஓடும் வண்டியும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கேதான் கிளைம் நின்றுபோகும்.

ஆர்சி, பாலிசி இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். பாலிசி பிடிஎஃப் இல்லையென்றால் ஏஜென்டிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிய ரசீது இதற்கு உதவாது.

படி 1: ஒரு தேதியா, இரண்டு தேதியா?

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்குத் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயம். ஆனால் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போட்டிருப்பார்கள். இரண்டாம் வருடம் அதைப் புதுப்பிக்காமல், ‘மூணு வருஷம் இருக்கே’ என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. போலீஸ் நிறுத்தினால் பிரச்சினை வராது. பாறையில் இடித்தால் வரும்.

பாலிசியில் இரண்டு தேதிகளும் தனித்தனியாக இருக்கும். ஓன் டேமேஜ் முடிந்திருந்தால், தேர்டு பார்ட்டியைத் தொடாமல் அதை மட்டும் தனியாக எடுக்கலாம். விட்டுப்போனதால் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். முடிந்து 90 நாளைத் தாண்டினால், கிளைம் இல்லாமல் சேர்த்துவைத்த என்சிபி தள்ளுபடியும் போய்விடும். ஐந்து வருடம் கிளைம் செய்யாதவருக்கு அது 50 சதவீதம், சும்மா விடுகிற தொகை இல்லை.

படி 2: யார் பெயரில் இருக்கிறது?

கேஎல் நம்பர் வண்டி வாங்கியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். விற்றவர் பெயரிலேயே பாலிசி ஓடிக்கொண்டிருக்கிறதா? தேர்டு பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி வாங்கியவருக்குத் தானாக மாறிவிடும். ஓன் டேமேஜ் அப்படி மாறாது. வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது, அது அவரோடே போகும். அப்புறம் நிரந்தரமாகத் தமிழ்நாட்டில்தான் ஓடப்போகிறது என்றால், கேரள ஆர்டிஓவின் தடையில்லாச் சான்றோடு (என்ஓசி) 12 மாதத்துக்குள் இங்கே பதிவு செய்து, புது நம்பரைப் பாலிசியிலும் ஏற்ற வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை.

அடுத்து, அப்பா பெயர் விஷயம். உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, பெயரிலேயே இருப்பதுபோல, உரிமையாளருக்குத்தான். லைசென்ஸும் அவருக்கு இருக்க வேண்டும். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி, மகனுக்கு ஏதாவது ஆனால் இந்த 15 லட்சம் வராது. மகன் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள். பல வீடுகளில் விட்டுப்போவது இதுதான், செலவும் அதிகம் ஆகாது.

படி 3: வண்டியை எதற்கு ஓட்டுகிறீர்கள்?

பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பத்தி ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். சொந்தக் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டக்கூடாது, சொந்த லக்கேஜும் சாம்பிளும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்பது அதன் சாரம். ஏலக்காய் மூட்டையை விற்பனைக்கு ஏற்றிப் போவது சரக்கு. தோட்டத்துக்கு ஆளேற்றித் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவது வாடகை. மகரவிளக்கு சமயத்தில் தெரிந்தவர்களை ஒயிட் போர்டு வண்டியில் குமுளி வழியாகக் கூட்டிப்போய்ப் பணம் வாங்குவதும் அதேதான். ‘டீசல் காசு மட்டும்தான் வாங்கினேன்’ என்பதைச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்டுக்கொண்டு உட்கார மாட்டார்.

இதற்கு ஆட்-ஆன், அதாவது கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு, கிடையாது. சரக்குக்குச் சரக்கு வண்டி, ஆளுக்கு மஞ்சள் போர்டு. இந்த ஓட்டையை அடைக்க வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

படி 4: பில்லை நீங்களே போட்டுப் பாருங்கள்

மூன்றரை வயதுக் கார், மெட்டு வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது கைப்பிடிச் சுவரில் உரசிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் 12,000, ஃபெண்டர் 8,000. பிளாஸ்டிக்குக்குத் தேய்மானம் 50 சதவீதம், 6,000 போச்சு. இந்த வயதில் இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம், 2,000 போச்சு. 1,500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக 20,000 ரூபாய் பாகங்களுக்கு 9,000 உங்கள் கையிலிருந்து.

பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுத்திருந்தால் அந்த 8,000 மிச்சமாகும். 1,000 மட்டும் கொடுப்பீர்கள். மெட்டுப் பாதையில் தினமும் போகிறவருக்கு இது தேவை என்பேன். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டும் பழைய வண்டிக்குக் கணக்கு வராது. வருடத்தில் எத்தனை கிளைமுக்கு ஜீரோ டெப் செல்லும் என்பதையும் கேளுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

படி 5: மண், பாறை, தண்ணீர்

மண்சரிவும் பாறை விழுவதும் ஓன் டேமேஜிலேயே அடங்கும். அதற்கென்று கூடுதலாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். வெள்ளமும் அடங்கும், ஆனால் இன்ஜினில் சிக்கல் இருக்கிறது. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது உடைந்தால், உங்கள் செயலால் வந்த சேதம் என்று மறுப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இதற்குத்தான். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரயில்வே சுரங்கப்பாதையில் வண்டி நின்றுபோனால் சாவியைத் திருகாதீர்கள். போட்டோ எடுங்கள், கட்டி இழுத்து வாருங்கள்.

படி 6: சில்லறை விஷயங்கள்

அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு 7,50,000 என்று இருக்கிறதா பாருங்கள். பிரீமியத்தைக் குறைக்க 6,000 ஆகச் சுருக்கியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் காருக்குள் இருக்கும் உங்கள் குடும்பத்தார் பொதுவாக அதில் வர மாட்டார்கள். கேஸ் கிட், மூடுபனி விளக்கு, கூரை கேரியர் எல்லாம் பின்னால் போட்டதா? பாலிசியில் இருக்க வேண்டும். கேஸ் கிட் ஆர்சியிலும் ஏற வேண்டும்.

படி 7: அடைப்பது எப்படி?

பெயர், நம்பர், கேஸ் கிட் மாதிரியான திருத்தங்களுக்கு வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ‘எண்டார்ஸ்மென்ட் வேண்டும்’ என்று ஆர்சி நகலோடு கம்பெனிக்கு மெயில் போடுங்கள். ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட் எல்லாம் பெரும்பாலும் புதுப்பிக்கும்போதுதான் கிடைக்கும், ஒரு மாதம் முன்பே பேசுங்கள். ஏஜென்ட் போனில் ‘எல்லாம் கவர் ஆகும்ணே’ என்று சொன்னால், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். திருத்திய பாலிசி வந்ததும் பெயர், நம்பர், இரண்டு தேதிகள், ஆட்-ஆன் பட்டியல் நான்கையும் சரிபார்த்து, மெட்டில் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.