கல்லுப் பாதைக்கு எவ்வளவு காற்று? வன்னியில் நாம் விடும் தவறுகள்

நெடுங்கேணிப் பக்கம் காட்டோரக் காணி ஒன்றுக்குப் போகும் பாதையில், போன ஆவணியில், தம்பியின் கப் வாகனம் (பின்னால் திறந்த பெட்டியுள்ள பிக்கப்) ஒரு கல்லில் ஏற மாட்டாமல் நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லாத கல். நாலு சில்லு இழுவையைப் போட்டும் சில்லுகள் சுழன்று கல்லில் கறுப்புக் கோடு இழுத்ததுதான் மிச்சம். ரயர் கருகிய மணம் வந்தது. "சுத்திப் போவமோ அண்ணை?" என்று கேட்டான். நான் விடவில்லை. இறங்கி ரயரில் காற்று மானியை வைத்துப் பார்த்தால் 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற காற்றமுக்க அளவு). முதல்நாள் பெற்றோல் செற்றில் காற்றடித்தவர், தூரப் பயணம் என்று கேள்விப்பட்டு ஏற்றிவிட்டிருக்கிறார். காற்றடிக்கும் வால்கட்டையின் ஊசியை அழுத்தி 20க்கு இறக்கினோம். அடுத்த முறை சில்லு சுழலவே இல்லை. ரயர் கல்லைக் கவ்விப் பிடித்து மெதுவாக ஏறி இறங்கியது.

சுற்றிப் போக ஏன் விடவில்லை என்பதை வன்னியில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருபவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். போர் 2009இல் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை அதன்பின் பல ஆண்டுகள் நீண்டது. சிவப்புப் பலகையைக் கண்டால் நிற்பது போலவே, பலகை இல்லாத பற்றையையும் நம்பிப் புகாமல் இருப்பது நல்லது. ஆட்கள் போய்வந்து தடம் விழுந்த பாதைதான் பாதை. காற்றைத் திறக்க நிற்பதும் அந்தத் தடத்திலேயே. ஆகவே இங்கே கல்லை விலத்திப் போவது ஒரு வழியே அல்ல, அதன் மேலால்தான் போக வேண்டும். அதற்கு ரயரில் சரியான காற்று வேண்டும்.

தார் வீதிக்கு அடித்த காற்றோடு கல்லுப் பாதையில் இறங்குவதுதான் எல்லாரும் விடும் முதல் தவறு. இறுக்கமான ரயர் கல்லில் குத்துப்படாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஊதிப் பெருத்த பலூனையும் காற்றுக் குறைந்த பலூனையும் விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்து நிற்கும் ரப்பருக்கு ஒதுங்க இடமில்லை, கூர்க்கல் நேரே உள்ளே இறங்கும். தளர்ந்த ரப்பர் கல்லுக்கு இடம் விட்டு அதன் மேல் படிந்துகொள்ளும்.

பிடிமானமும் இதே கணக்குத்தான். ஒரு சில்லில் 500 கிலோ பாரம் என்று வையுங்கள். 35 பிஎஸ்ஐயில் ரயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர், விரித்த கை ஒன்றைவிடச் சற்றே பெரிது. 18க்கு இறக்கினால் அது 400ஐ நெருங்கும். ரயர் அகலமாவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கூடுவது பெரும்பாலும் நீளப்பாட்டில்தான். அதனால்தான் கல்லின் முன்பக்கத்தையும் உச்சியையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறது.

சரி, அப்படியானால் எவ்வளவு இறக்குவது? "கல்லுக்கு எத்தனை பிஎஸ்ஐ?" என்று ஒற்றை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவது அடுத்த தவறு. எண்ணைத் தீர்மானிப்பது பாரம். ஜிம்னி போன்ற சின்ன வாகனத்துக்கு 16 போதும். வெறும் கப் வாகனத்துக்கு 18 முதல் 20 வரை வைத்துத் தொடங்கலாம். அதே கப்பின் பின்பெட்டியில் நாலு மூடை நெல்லும் தண்ணீர்க் கானும் ஏறியிருந்தால் பின்சில்லுக்கு 24, 25 வேண்டும். முன்னுக்கு 20 போதும். நாலு சில்லுக்கும் ஒரே அளவு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரயரின் வகையும் முக்கியம். அளவுக்கு முன்னால் எல்.ரி. என்று எழுதிய பாரவாகன ரயரின் பக்கச்சுவர் தடித்தது. கார் வகை ரயர் 22இல் காட்டும் தளர்வை அது 18இல்தான் காட்டும். ரயரின் பக்கத்தில் அதியுயர் அமுக்கம் என்று பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அடிப்பவர்களும் உண்டு. அது தாண்டக் கூடாத எல்லை மட்டும்தான். வாகனத்துக்கு உரிய அளவு சாரதிப் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும்.

எண்ணைவிட எனக்கு நம்பிக்கையானது ஓர் அடிமட்டம். சமதரையில் வாகனத்தை நிறுத்தி, றிம்மின் கீழ் விளிம்பிலிருந்து தரைவரை அளவுங்கள். வீதிக் காற்றில் 12 சென்ரிமீற்றர் இருந்தால், இறக்கிய பிறகு 9க்குக் கீழே போக விடாதீர்கள். கால்வாசி குறைவது போதுமான தளர்வு. பாரம், ரயர் வகை எல்லாவற்றையும் அந்த ஒரு அளவு காட்டிவிடும்.

இனி நான் அதிகம் கவலைப்படும் தவறு: மணலுக்குச் சரிவந்த காற்றைக் கல்லுக்கும் வைப்பது. நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் ஓடிப் பழகியவர்கள் 14, 15க்கு இறக்கி மணலில் மிதந்து போவார்கள். மணல் ரயரை வெட்டாது. கல் வெட்டும். காற்றுக் குறையக் குறைய ரயரின் பக்கம் வெளியே பிதுங்குகிறது, அந்த இடந்தான் ரயரிலேயே மெல்லிய இடம். நிலத்தில் உருளும் தடித்த பகுதியில் ஆணி ஏறினால் ஒட்டிக்கொண்டு வரலாம். பக்கம் கிழிந்தால் ஒட்டுக் கடைக்காரர் தலையை ஆட்டிவிடுவார், ரயர் முடிந்தது. அதோடு, மெத்த இறக்கிய ரயர் கல்லில் மோதும்போது றிம் கீழே வந்து ரப்பரைக் கல்லோடு சேர்த்து நசுக்கும். பாக்குவெட்டிக்குள் அகப்பட்ட பாக்குப் போல உள்ளே இரண்டு வெட்டு விழும்.

வன்னிக் காட்டுப் பாதையில் கல்லை மட்டும் பார்த்தால் போதாது. பாதையோரத்தில் கத்தியால் சரித்து வெட்டிய வீரைக் கன்றின் அடிக்கட்டை, புல்லுக்குள் நாலு விரல் உயரத்துக்கு ஈட்டி முனையாக நிற்கும். காய்ந்த வைரம், இரும்புக்குச் சமன். கல்லில் தப்பிய ரயர்கள் இதில் போனதைக் கண்டிருக்கிறேன். பிதுங்கிய ரயரோடு ஓரத்தை உரசிப் போகக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ரயரின் உள்விளிம்பை றிம்மோடு இறுக்கும் தனி வளையம் பூட்டாத வாகனத்தில் 15க்குக் கீழே போகவே வேண்டாம். கல் கூரானதாக இருந்தால் ஓரிரண்டு பிஎஸ்ஐ கூட்டியே வையுங்கள். மாரி வெள்ளம் கிறவலை அள்ளிக்கொண்டு போன பிறகு, தைப்பொங்கலை ஒட்டிய நாட்களில் கற்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் சரிவந்த அளவு இந்த வருடம் சரிவரும் என்று இருக்க முடியாது.

சூட்டில் அளப்பது இன்னொன்று. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வந்து புளியங்குளத்தில் கிழக்கே திரும்பும்போது, காலையில் 34 இருந்த ரயர் 38 காட்டும். உள்ளே காற்று சூடேறி விரிந்திருக்கிறது. ஆறேழு பாகை சூடு கூடினால் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ ஏறும். அந்தச் சூட்டோடு 18க்கு இறக்கிவிட்டு இரவு தங்கினால், விடியப் பார்க்க 15, 16தான் நிற்கும். திரும்பி வரும் வழியில்தான் றிம் அடிபடும். ஆகவே சூட்டில் இறக்குபவர்கள் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ கூடவே விட்டு வைக்க வேண்டும், அல்லது மரநிழலில் அரை மணித்தியாலம் ஆறவிட்டு இறக்க வேண்டும். மானியையும் பாருங்கள். லொறிக்கு அடிக்கும் 150 வரை காட்டுகிற மானியில் 18க்கும் 22க்கும் வித்தியாசம் தெரியாது. 60 வரை காட்டும் ஒன்றைச் சொந்தமாக வைத்திருங்கள்.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். 20க்குக் கீழ் இறக்கிய ரயரோடு மணிக்கு 20, 25 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள். கல்லில் அதுவும் அதிகம், ஆள் நடக்கும் வேகமே போதும். நின்ற நிலையில் ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்து, சில்லைக் கல்லின் பக்கத்தில் முட்டவிட்டு மிதித்தால் ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். காட்டுக்குள் அதைத் திருப்பி ஏற்றுவது அரை நாள் வேலை.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. உள்ளே ரியூப் போட்ட ரயரில் இந்த அளவுக்குக் காற்றிறக்கினால், ரயர் றிம்மில் வழுக்கிச் சுழலும். ரியூப்பும் கூடவே இழுபட, வால்கட்டை அடியோடு பிய்ந்துவிடும். அப்படிப் பிய்ந்த ரியூப்பை ஒட்டவும் முடியாது. ரியூப் ரயருக்கு 25க்குக் கீழே இறங்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

அப்புறம், திரும்பி வந்ததும் காற்றடிக்காமல் தார் வீதியில் ஏறுவது. உயிர் போகக்கூடிய தவறு இது. 18 பிஎஸ்ஐயோடு மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடும் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறும். உள்ளே ரப்பரும் நூலும் பிரிந்து, ஒரு வளைவில் வெடிக்கும். "முன்னுக்குத்தானே செற் இருக்கு" என்ற பேச்சே வேண்டாம். சின்னக் கொம்பிரசர் ஒன்றை வாகனத்தில் வைத்திருங்கள். அதைச் சிகரெற் லைற்றர் துளையில் செருகினால் பியூஸ் போய்விடலாம். நேரே பற்றரியில் கவ்வி, எஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். ஒரு ரயருக்கு ஐந்தாறு நிமிடம் எடுக்கும், எடுக்கட்டும். மேலதிக ரயருக்கும் காற்றுப் பாருங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, ரயர் ஆறியிருக்கும்போது இன்னொரு முறை அளவுங்கள். ஒரு சில்லில் மட்டும் குறைந்திருந்தால் முள்ளோ கல்லோ ஏறியிருக்கக்கூடும். பிறகு கீழே குனிந்து, கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்தைக் கையால் முழுக்கத் தடவுங்கள். நெடுங்கேணியால் வந்த அடுத்த நாள் தம்பியின் பின்வலது ரயரில் போளையளவு வீக்கம் ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது. 40இல் கல்லை இடித்தபோது உள்ளே நூல் அறுந்திருக்க வேண்டும். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அந்த ரயரை அன்றே கழற்றிவிட்டோம்.