தெருவிலிருந்து வந்த நாய் பின்னாலேயே சுற்றுகிறதா? முதல் சில வாரங்களுக்கான செய்முறை

சென்னை வேளச்சேரி புளூ கிராஸ் விலங்குகள் காப்பகத்திலிருந்தோ, தெருமுனை டீக்கடை வாசலிலிருந்தோ ஒரு நாட்டு நாயை வீட்டுக்குக் கூட்டிவந்தாயிற்று. இப்போது அது பாத்ரூம் வாசல்வரை பின்னால் வருகிறது, போனை எடுத்தால் குரைக்கிறது, செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. "செல்லம் கொடுத்தே கெடுத்துட்டீங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தெருவில் எங்கே போவது, எப்போது படுப்பது என்பதெல்லாம் அதன் இஷ்டம். இங்கே கதவு, சோறு, வாக்கிங் மூன்றும் உங்கள் கையில். நீங்கள் கண்ணிலிருந்து மறைந்தால் பதறத்தானே செய்யும்? ரகளை செய்தால்தான் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள் என்ற கணக்கை அதன் மனதில் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

1. முதலில் டாக்டர்

உண்ணிக் காய்ச்சல், காதுப்புண், தோல் அரிப்பு, வயிற்றுப் பூச்சி என எது இருந்தாலும் நாய் நிலைகொள்ளாமல் அலையும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்து கிளினிக்கிலோ காட்டிவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், மாநகராட்சி உரிமத்துக்கும் அது வேண்டும். காது நுனியில் வெட்டு இருந்தால் பெரும்பாலும் கருத்தடை முடிந்த நாய்தான். விளையாட்டில் பல் பட்டு ரத்தம் வந்தால்கூட, ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

2. அதற்கென்று ஒரு மூலை

ஹாலில் இரண்டு பக்கம் சுவர் உள்ள மூலை நல்லது. பால்கனி வேண்டாம். வெயில் ஒரு பக்கம், கீழே போகும் நாய்களைப் பார்த்துப் பதறுவது இன்னொரு பக்கம். நீங்கள் உடுத்திப் பழசான லுங்கியையோ நைட்டியையோ துவைக்காமல் விரியுங்கள், உங்கள் வாசனை இருக்கட்டும். அது மூலையில் படுத்திருக்கும்போது குழந்தைகள் உட்பட யாரும் தொடக்கூடாது.

3. கேட்பதற்கு முன்பே கொடுங்கள்

நிறைய பேர் சறுக்குவது இங்கேதான். லேப்டாப்பில் இருக்கிறீர்கள். நாய் வந்து உங்கள் முழங்கைக்கு அடியில் மூக்கை நுழைத்து மேலே தள்ளுகிறது. "சும்மா இருடா" என்று தள்ளிவிடுகிறீர்கள். உங்களுக்கு அது திட்டு, அதற்கோ பார்த்தார், பேசினார், தொட்டார் என மூன்று பரிசு!

ஆகவே அந்த நேரத்தில் பேச்சு, பார்வை, தொடுதல் எதுவும் வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அது விலகித் தரையில் படுத்ததும் மெதுவாக "குட்" சொல்லி, உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அதன் முன்கால்களுக்கு நடுவே வையுங்கள். தூக்கிப் போட்டால் எழுந்து ஓடிவரும், வேலை கெட்டுவிடும். அது எதுவும் கேட்காமல் சும்மா படுத்திருக்கும்போதும் நாள் முழுக்க அவ்வப்போது இப்படியே செய்யுங்கள்.

ஓரிரு நாளில் குரைப்பு குறையாமல் கூடும். இத்தனை நாள் பலித்த தந்திரத்தை அது இன்னும் பலமாகப் போட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அப்போது பார்த்து நீங்கள் இளகினால் 'இவ்வளவு சத்தம் போட வேண்டும்போல' என்று கற்றுக்கொள்ளும். பாட்டிக்குப் பரிதாபம் வந்து பிஸ்கட் நீட்டினாலும் கதை அதேதான். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம்.

ஆனால் பசி, சிறுநீர், பயம் காரணமாக முனகினால் அது நாடகம் இல்லை, கவனியுங்கள். குக்கர் விசிலுக்கு நடுங்கி உங்களிடம் வந்தால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்பது வெறும் பேச்சு.

4. தனியே இருக்கப் பழக்குவது

சாவிச் சத்தம் கேட்டாலே பதறுகிறதா? சாவியை எடுங்கள், செருப்பு போடுங்கள், திரும்ப வந்து சோபாவில் உட்காருங்கள். இதற்கு அது அலட்டிக்கொள்ளாத பிறகு, கிரில் கேட்டுக்கு வெளியே சில நொடிகள் நின்றுவிட்டு வாருங்கள். பிறகு ஒரு நிமிடம், லிஃப்ட்வரை, தெருமுனைக் கடைவரை. பதற்றம் வருவதற்குள் திரும்பிவிட வேண்டும், வந்தால் முந்தைய படிக்கு இறங்குங்கள். இந்த நாட்களில் அதிக நேரம் வெளியே போக வேண்டியிருந்தால் வீட்டில் யாராவது இருக்கட்டும்.

5. வாக்கிங்

காலை ஏழுக்கு முன், மாலை இருட்டிய பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். அது மோப்பம் பிடிக்கும் இடத்தில் நின்று கொடுங்கள். மூக்குக்கு வேலை கிடைத்த நாய் வீட்டில் வந்து அமைதியாகப் படுக்கும். புதிதில் கழுத்து பெல்ட்டை உருவிக்கொண்டு ஓடும், மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸே மேல்.

கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்வது, தனியே விட்டால் தண்ணீர்கூடத் தொடாதது போன்றவை இருந்தால் பயிற்சி மட்டும் போதாது. டாக்டரிடம் மருந்து பற்றிக் கேளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரை, பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். தீபாவளி நெருங்குகிறது என்றால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.